இத்தாலி கடலோர மலைல ரோடு பைக்: அமால்ஃபியா, சான்ரெமோவா, சிசிலியா, பேசாரோவா?

மே மாசம் எட்டு நாள் லீவு கெடச்சிருக்கு. தம்பியும் அவன் சம்சாரமும் ரோடு பைக்கோட, அதாவது ரோட்ல வேகமா ஓட்டற மெல்லிய டயர் சைக்கிளோட வர்றாங்க, நானும் வீட்லயும் ஜெர்மனில இருந்து ரயில்ல போய் சேர்ந்துக்கறோம், இத்தாலில கடல் பக்கமா எங்க தங்கி ஓட்டறதுங்கறதுதான் ரெண்டு மாசமா ஃபோன்ல ஓடற பேச்சு. நான் இங்க வேலைக்கு வந்ததுல இருந்து இத்தாலி கடலோரத்துல நாலு இடத்துல ஓட்டிட்டேன், நாலும் நாலு விதம், அதனால இதே கேள்வியோட இருக்கறவங்களுக்கும் உதவும்னு முழுசா எழுதறேன்.

முதல்ல யார் யார் ஓட்டறோம்னு சொல்லிடறேன், ஏன்னா முடிவே அதுலதான் நிக்குது. தம்பிக்கு மலைன்னா உசுரு, 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுநாளும் கெளம்புவான். அவன் சம்சாரம் ஓட்ட ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது, 50, 60 கிலோமீட்டர் நல்லா ஓட்டும், ஏத்தத்துல பொறுமையா ஏறிடும், ஆனா எறக்கத்துல பின்னாடி கார் சத்தம் கேட்டா பிரேக்க புடிச்சுகிட்டு விடாது. என் வீட்டம்மாவுக்கு ரோடு பைக் வேண்டாம், பேட்டரி உதவியோட ஓடற ஒரு இ-பைக் வாடகைக்கு எடுத்துக்குவா, பழைய ஊரு, கோயிலு, சந்துனு சுத்தறதுதான் அவளுக்கு டூர். நான் இவங்களுக்கு நடுவுல. இந்த நாலு பேரும் காலைல ஒரே எடத்துல இருந்து கெளம்பி சாயங்காலம் ஒரே டேபிள்ல சாப்புடணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாலு தடவ போனதுல நான் கத்துகிட்டது ஒண்ணு இருக்கு. கடலோர ரோடு எவ்வளவு அழகுனு பாத்து ஊர முடிவு பண்ணாதீங்க, அந்த ரோட்டுக்கு பின்னாடி மலைக்குள்ள எத்தன ரோடு இருக்குனு பாருங்க. கடலோர ரோடு ஒரு நாள்ல முடிஞ்சிடும், மிச்ச அஞ்சு நாளும் நீங்க ஓட்டப் போறது பின்னாடி இருக்கற ரோட்லதான்.

தெற்க நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கற அமால்ஃபில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது அதுதான், தம்பி சம்சாரமும் "மாமா, அந்த ஃபோட்டோல வர்ற ரோடு" னுதான் ஆரம்பிச்சுது. எஸ்எஸ் 163ங்கறது அந்த ரோட்டோட நம்பர், மேத்தால இருந்து வியெத்ரி சுல் மாரே வரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர், 19ம் நூற்றாண்டுல நேப்பிள்ஸ ஆண்ட போர்போன் ராஜாக்கள் காலத்துல பாறைய வெட்டிப் போட்டது, அகலமும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து அகலம்தான். நான் போனது செப்டம்பர் கடைசி, மாயோரில ரெண்டு ராத்திரி தங்கினேன். காலைல ஆறரை மணிக்கு வெளிச்சம் வர்றப்ப கெளம்பி பொசித்தானோ வரைக்கும் ஓட்டினேன், அந்த ஒன்றரை மணி நேரம் சத்தியமா சொல்றேன் மறக்கவே முடியாது, இடது பக்கம் கடல் நேரா கீழ, வலது பக்கம் எலுமிச்சை தோட்டம் படிப்படியா மேல போகுது, கருப்பு வலை போத்தி வச்சிருக்காங்க, ரோட்ல நானும் ஒரு பால் வண்டியும் மட்டும்தான்.

திரும்பி வந்தது பத்து மணிக்கு. அதே ரோடு, ஆனா வேற ரோடு. பிரயானோ பக்கத்துல ஒரு வளைவு, எதிர்ல டூரிஸ்ட் பஸ், எனக்கு பின்னாடி ஒரு லைன் பஸ், ரெண்டும் ஒரே நேரத்துல வளைவுக்குள்ள வந்துடுச்சு, நான் ஒரு கால பெடல்ல இருந்து எடுத்து கல்லு சுவத்து மேல வச்சு ஒடம்ப சுவத்தோட ஒட்டிகிட்டேன், பஸ்ஸோட பக்கவாட்டு தகடு என் முழங்கைல இருந்து ஒரு சாண் தள்ளி மெதுவா நகந்து போச்சு. டிரைவர் மேல எந்த தப்பும் இல்ல, அவர் கண்ணாடில என்ன பாத்துகிட்டேதான் அங்குலம் அங்குலமா நகத்தினாரு. அந்த ரோட்ல இடமே அவ்வளவுதான். சீசன் நாள்ல கார் நம்பர் ஒத்தப்படையா ரெட்டப்படையானு பாத்துதான் வெளியூர் காரையே விடறாங்கன்னா நெரிசல நீங்களே புரிஞ்சிக்கலாம்.

பின்னாடி ரோடு இல்லையானு கேட்டா இருக்கு, நல்ல ரோடாவே இருக்கு. மாயோரில இருந்து திரமோந்தி வழியா கியூன்சி கணவாய், 656 மீட்டர், மேல போனதும் அந்தப் பக்கம் வெசுவியஸ் எரிமலை தெரியும், ஏத்தம் ரொம்ப சீரானது, இத்தாலிய மூணு வாரம் சுத்தற ஜீரோ தித்தாலியா சைக்கிள் ரேஸோட 2023 நேப்பிள்ஸ் ஸ்டேஜ் கூட இந்த வழியாதான் போச்சு. அமால்ஃபில இருந்து அஜெரோலா ஏறலாம், ரவெல்லோ ஏறலாம். ஆனா எதுக்கு போனாலும் கடைசில அந்த ஒத்த ரோட்ல எறங்கி அதுல கொஞ்ச தூரம் ஓட்டித்தான் ரூமுக்கு வரணும். தம்பி சம்சாரத்த அதுல பத்து மணிக்கு மேல விட எனக்கு மனசு வரல. அமால்ஃபிக்கு தனியா, சீசன் இல்லாத நேரத்துல, விடியக்காலைல ஓட்டிட்டு ஒம்போது மணிக்குள்ள முடிச்சிடற ஆளு போகலாம். குடும்பத்தோட ஒரு வாரம் ஓட்டற எடம் அது இல்ல.

அடுத்தது வடமேற்குல பிரான்ஸ் எல்லை பக்கம் இருக்கற லிகூரியா, அங்க சான்ரெமோ. தம்பியோட ஓட்டு இதுக்குதான், காரணம் சொல்லவே வேண்டாம், மிலான்-சான்ரெமோ. 1907ல ஆரம்பிச்ச சைக்கிள் ரேஸ், ஒரே நாள்ல கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், இந்த ஒரு ரேஸ பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் ஏழு தடவ ஜெயிச்சிருக்காரு. கடைசில வர்ற ரெண்டு ஏத்தம்தான் ரேஸே, சிப்ரெஸ்ஸா 5.6 கிலோமீட்டர், பொஜ்ஜோ 3.7 கிலோமீட்டர். டிவில பாத்து பாத்து பெரிய மலைனு நெனச்சிட்டு போனேன், ஆனா பொஜ்ஜோ சராசரி சரிவு 4 சதவீதம் கூட இல்ல, அதாவது நூறு மீட்டர் போனா நாலு மீட்டர் கூட ஏறாது. கடலோரமா போற அவுரேலியா ரோட்ல இருந்து வலது பக்கம் திரும்பினதுமே ஏத்தம் ஆரம்பிக்குது, ரெண்டு பக்கமும் பூ வளக்கற கண்ணாடி கொட்டகை, பாதி கொட்டகைல கண்ணாடி ஒடஞ்சு உள்ள செடி மண்டிக் கெடக்கு, வளைவு ஒவ்வொண்ணுலயும் கடல் கொஞ்சம் கொஞ்சமா கீழ போகுது. மேல ஊருக்குள்ள போற எடத்துல அடையாளமா ஒரு டெலிஃபோன் பூத், அதுக்கிட்ட இடது பக்கம் திரும்பினா எறக்கம். நாம நிதானமா ஏறினா பதினஞ்சு நிமிஷம், அவங்க 280 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஆறு நிமிஷத்துக்குள்ள ஏறறாங்க. 2018ல இத்தாலி வீரர் நிபாலி இதே ஏத்தத்துல தனியா பிரிஞ்சு போய் கூட்டம் முதுகுக்கு பின்னாடி நிக்கறப்ப ரேஸ் முடியற வியா ரோமா தெருவுல ஜெயிச்சு கைய தூக்கினாரு, அந்த எறக்கத்துல நான் பிரேக் புடிச்ச ஒவ்வொரு வளைவுலயும் அவர் எப்படி போயிருப்பாருனு யோசிச்சிட்டே எறங்கினேன்.

தம்பி சம்சாரத்துக்கும் லிகூரியால ஒரு பெரிய வசதி இருக்கு. முன்னாடி கடலோரத்துல ரயில் ஓடிட்டு இருந்துச்சு, 2001ல அந்த லைன மலைக்குள்ள மாத்திட்டாங்க, பழைய தண்டவாளம் இருந்த எடம் இப்ப சைக்கிள் பாதை, ஓஸ்பெதலெத்தில இருந்து சான் லொரென்சோ அல் மாரே வரைக்கும் 24 கிலோமீட்டர், கடல ஒட்டியே, மேடு பள்ளமே இல்லாம. பழைய ரயில் டனல் வழியாவே போகுது, கப்போ நேரோ டனல் ஒண்ணே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல, வெயில்ல இருந்து உள்ள போனா சில்லுனு இருக்கும், சுவத்துல மிலான்-சான்ரெமோ வரலாறு வருஷம் வருஷமா. என் வீட்டம்மா இந்தப் பாதைல மூணு நாள் ஓட்டினாலும் அலுக்க மாட்டா.

அப்ப சான்ரெமோவே முடிஞ்சிடுச்சேனு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, ஆனா அங்க அஞ்சு நாள் ஓட்டினப்புறம்தான் சிக்கல் எங்கனு புரிஞ்சுது. அந்த ஏரியால மலை நேரா கடலுக்குள்ள எறங்குது, ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு ரோடு, ஒரு பள்ளத்தாக்குல இருந்து அடுத்ததுக்கு மேல் வழியா போகணும்னா பல எடத்துல நூத்துக்கணக்கான மீட்டர் ஏறியாகணும். சமதளமா கடலோரம், இல்லன்னா முழு மலை, நடுவாந்தரமா ஒரு ரைடு கிடைக்கறது கஷ்டம். தம்பிக்கு அது சொர்க்கம். சான்ரெமோல இருந்து செரியானா வழியா பயார்தோ ஏறி, அப்ரிகாலே, தோல்சேஆக்குவா எறங்கி, போர்திகேரா வழியா திரும்பற ஒரு ரவுண்டு, நான் ஓட்டினதுலயே நல்ல ரைடு எதுனு கேட்டா இதத்தான் சொல்லுவேன். பயார்தோ உச்சில ஒரு கோயில் கூரையே இல்லாம நிக்குது. 1887 பிப்ரவரி 23, சாம்பல் புதன் காலைல பூஜைக்கு சனம் கூடியிருந்தப்ப நிலநடுக்கம் வந்து கூரை உள்ள விழுந்துடுச்சு, 200 பேருக்கு மேல போயிட்டாங்க, உள்ள இப்ப புல்லுதான். நான் சைக்கிள வெளில சாச்சு வச்சிட்டு உள்ள போய் நின்னேன், வெறும் தூணும் வானமும், ஷூ அடில பெடல்ல மாட்டற கிளீட்டோட சத்தம் கூட பெருசா கேட்டுச்சு, ஷூவ கழட்டிட்டேன். அதே நிலநடுக்கத்துல காலியான இன்னொரு ஊரு புஸ்ஸானா வெக்கியா, அங்க ரொம்ப வருஷம் கழிச்சு ஓவியம் வரையறவங்க வந்து குடியேறி இடிஞ்ச வீட்லயே கடை வச்சிருக்காங்க, அது பொஜ்ஜோ பக்கத்துலயே இருக்கு. தோல்சேஆக்குவால ஒத்த வளைவு கல் பாலம், 1884ல பிரெஞ்சு ஓவியர் மோனே வந்து வரஞ்ச பாலம், அதுக்கு கீழ ஆத்துல கால வச்சு அரை மணி நேரம் உக்காந்தேன்.

இவ்வளவு இருந்தும் லிகூரியா இந்த தடவைக்கு ஏன் இல்லன்னா, நாலு பேரும் தினமும் காலைல பத்தாவது நிமிஷமே பிரிஞ்சிடுவோம், தம்பி மேல, மத்தவங்க கீழ. சேர்ந்து ஓட்டறதுன்னா அந்த 24 கிலோமீட்டர் பாதையும் ரெண்டு சின்ன ஏத்தமும்தான், மூணாவது நாள் அதே பாதை, அதே டனல். பாதைய விட்டு எறங்கினா அவுரேலியால ஸ்கூட்டர் கூட்டம் வேற, அதுவும் ஊருக்குள்ள ரெண்டு பக்கமும் உரசிட்டு போவாங்க. தம்பியும் நானும் மட்டும்னா, அக்டோபர்ல, யோசிக்காம டிக்கெட் போட்டிருப்பேன், நீஸ் ஏர்போர்ட்ல எறங்கினா கிட்டத்துலயே வேற இருக்கு.

சிசிலிக்கு சுருக்கமா சொல்றேன். தென்கிழக்கு மூலைல நோத்தோ, ரகூசா, மோதிக்கா, ஷிக்லி, 1693 நிலநடுக்கத்துல தரைமட்டமாகி ஒரே காலத்துல திரும்பக் கட்டின ஊருங்க, அதனால முழு ஊரும் ஒரே கல்லுல செதுக்கின மாதிரி தேன் கலர்ல இருக்கும், 2002ல இருந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ரோடு பைக்குக்கு அந்த பீடபூமி அருமையான எடம், ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கல்லு அடுக்கின வேலி, நடுவுல கரோப் மரம், ஆளே இல்லாத சின்ன ரோடு. மோதிக்கால அந்த நறநறனு இருக்கற சாக்லேட்ட ஒரு துண்டு வாயில போட்டுகிட்டு ஏத்தம் ஏறினா தெம்பா இருக்கும். ஆனா ரோட்டு ஓரத்துல கண்ணாடித் துண்டு, குழி, நான் நாலு நாள்ல மூணு பஞ்சர் போட்டேன், தோட்டத்து நாய் ரெண்டு தடவ தொரத்துச்சு. வெயில் பத்தி தனியா சொல்லணும், 2021 ஆகஸ்ட்ல சிராகூசா பக்கத்துல 48.8 டிகிரி அடிச்சுது, ஐரோப்பாவுலயே பதிவான அதிகபட்சம் அதுதான். மே கடைசிலயே மதியம் ஓட்ட முடியாதபடி ஆயிடும், மார்ச் ஏப்ரல்னா போங்க.

சிசிலி போனா பலெர்மோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க, அது சைக்கிளுக்காக மட்டும் இல்ல. ஊர ஒட்டியே மோந்தே பெல்லக்ரீனோனு 606 மீட்டர் மலை, நல்ல வளைவு ரோடு, மேல குகைக்குள்ள சாந்தா ரோசாலியா கோயில். நான் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஏறிட்டு இருந்தேன், பக்கத்து நடைபாதைல தமிழ்ப் பேச்சு கேட்டுச்சு, பாத்தா புடவை கட்டின அம்மாமார், வேட்டில ஒரு பெரியவர், பின்னாடி புள்ளைங்க. பலெர்மோல ஈழத்துல இருந்து வந்த தமிழ் சனம் நெறைய இருக்காங்க, கிறிஸ்தவங்க மட்டும் இல்ல சைவக்காரங்களும் ரோசாலியாவ கும்பிட மலை ஏறறாங்க. மேல போய் தண்ணி ரொப்பறப்ப ஒரு அம்மா "எவடத்தில இருந்து வாறீங்கள் தம்பி, சாப்பிட்டனீங்களோ" னு கேட்டு ஒரு பொட்டலத்துல ரெண்டு வடை குடுத்தாங்க. இத்தாலில நான் சாப்பிட்டதுல அந்த வடை ருசி இன்னும் நாக்குல நிக்குது.

இப்ப என் முடிவுக்கு வர்றேன், இத்தாலிக்கு கிழக்க இருக்கற அட்ரியாட்டிக் கடல் பக்கம், ரொமாஞா, மார்க்கேனு ரெண்டு பகுதியும் சேர்ற எடம், ரிமினில இருந்து பேசாரோ, ஃபானோ வரைக்கும். மொதல்ல குறைய சொல்லிடறேன். இங்க கடல் லிகூரியா மாதிரி கெடையாது, ஆழமில்லாத மணல் கரை, வரிசை வரிசையா குடை, அதுக்கு பின்னாடி ஹோட்டல், அதுக்கு பின்னாடி ரயில் லைன், அதுக்கு பின்னாடி எஸ்எஸ் 16னு லாரி ஓடற ரோடு. ஸ்டேஷன்ல எறங்கின முதல் அரை மணி நேரம் இதுக்கா வந்தோம்னு மனசு சுருங்கிடும், எனக்கும் சுருங்குச்சு. அந்த லாரி ரோட்ட தாண்டி மூணு கிலோமீட்டர் உள்ள போங்க, அங்கதான் கதையே மாறுது.

மலை இங்க உயரம் இல்ல, 200, 300 மீட்டர் குன்று, அலை அலையா, ஒவ்வொரு குன்று உச்சிலயும் ஒரு கோட்டை ஊரு, ஒரு ஊர்ல இருந்து பாத்தா அஞ்சு ஊரு தெரியும், அஞ்சுக்கும் ரோடு இருக்கு. வலை மாதிரி பின்னிக் கெடக்கு. 40 கிலோமீட்டர் போதும்னா அங்க இருந்தே திரும்பலாம், 120 வேணும்னா இன்னும் நாலு குன்று சேத்துக்கலாம், ரெண்டு பேரும் மதியம் ஒரே ஊர்ல சந்திக்கலாம். எனக்கு வேண்டியது இந்த வலைதான், மத்த மூணு எடத்துலயும் இது இல்ல. ஒரே ஒரு விதி, பள்ளத்தாக்கு ரோட்ல லாரி ஓடும், குன்று முதுகுல போற ரோட்ல டிராக்டர்தான் ஓடும், மேப்ல எப்பவும் முதுகு ரோட்ட எடுங்க. ஏத்தம் சின்னது ஆனா செங்குத்து, 15 சதவீதம் சர்வ சாதாரணமா வரும், "மூரி" னு சொல்றாங்க, சுவருனு அர்த்தம், திர்ரேனோ-அட்ரியாத்திகோ ரேஸ் வருஷா வருஷம் இந்த மார்க்கே சுவத்துலதான் ஆளுங்கள சலிக்குது.

கடலும் வேணும்ல, அதுக்கு சான் பார்தோலோ இருக்கு. கபிச்சேல இருந்து பேசாரோ வரைக்கும் கடலுக்கு மேல குன்று மேலயே போற பனோராமிகா ரோடு, இருபது கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, ஏறி எறங்கி ஏறி எறங்கி போகும், ரெண்டு பக்கமும் மே மாசக் கடைசில மஞ்ச பூ புதர் பூத்து கெடக்கும், வாசனை ஹெல்மெட்டுக்குள்ள நிக்கும். நடுவுல ஃபியோரென்சுவோலா தி ஃபோகாரானு சின்ன கோட்டை ஊரு, அங்க குழாய்ல தண்ணி ரொப்பிட்டு சுவத்து மேல உக்காந்தா அட்ரியாட்டிக் முழுசா கீழ. ஞாயித்துக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிள்காரங்க அதிகம், வார நாள்ல போங்க. தம்பி சம்சாரத்துக்கு முதல் நாள் இதுதான். ஏத்தமும் எறக்கமும் சின்னச் சின்னதா வர்றதால எறக்கத்துல பயம் தெளிய இதவிட நல்ல ரோடு கெடைக்காது.

என் வீட்டம்மாவுக்கு பேசாரோ ஊருக்குள்ள பிசிபொலித்தானானு சைக்கிள் பாதை, மெட்ரோ மேப் மாதிரியே கலர் கலரா லைன் நம்பர் போட்டு வச்சிருக்காங்க, ஒரு லைன புடிச்சா கடல், இன்னொண்ண புடிச்சா ஸ்டேஷன். ஓபரா இசையமைப்பாளர் ரோஸ்ஸினி பொறந்த வீடு ஊருக்குள்ளயே இருக்கு. ஒரு நாள் கிராதாரா, கோட்டை மதில் மேலயே நடக்கலாம். ஒரு நாள் ஊர்பினோ, ஓவியர் ரஃபேல் பொறந்த ஊரு, 35 கிலோமீட்டர் உள்ள, பேசாரோல இருந்து அவ பஸ்ல வருவா, நாங்க முதுகு ரோட்ல ஓட்டிட்டு போவோம், டூகல் பேலஸ்ங்கற பழைய அரண்மனை வாசல்ல சந்திப்போம்.

தம்பிக்கு என்னனு கேட்டான். கார்பேஞ்ஞானு ஒரு மலை இருக்குடா, மேல சிப்போங்கற எடம் வரைக்கும் ஆறு கிலோமீட்டர், சராசரியே 10 சதவீதம் பக்கம், மலை ஏத்தத்துக்கு பேர் போன இத்தாலி ரேஸ் வீரர் பந்தானி பயிற்சி எடுத்த ஏத்தம்னு சொன்னேன், அதுக்கப்புறம் அவன் சான்ரெமோ பேச்ச எடுக்கல. பந்தானி வளந்த ஊரு செசெனாத்திகோ வடக்க கொஞ்ச தூரத்துல, ஸ்டேஷன் பக்கத்துல அவருக்கு மியூசியம் வச்சிருக்காங்க. பெரிய பெரிய மலையெல்லாம் தேடிப் போக வேண்டாம், எனக்கு கார்பேஞ்ஞா போதும்னு அவர் சொன்னதா அந்தப் பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க, ரோட்ல இன்னும் அவர் பேர பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க. 2022 திர்ரேனோ-அட்ரியாத்திகோ ரேஸ்ல இந்த ஏத்தத்த ரெண்டு தடவ ஏற வச்சாங்க, ஸ்லோவேனியா வீரர் பொகாசார் ஜெயிச்சாரு. பேசாரோல இருந்து போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல ஆகும், அன்னிக்கு அவன் தனி.

ஆனா இந்த ஏரியால என் மனச புடிச்சது மலை இல்ல, ஃபுர்லோ. ஃபானோல இருந்து பழைய ஃபிளமீனியா வழியா, கிமு 220ல ரோம்ல இருந்து போட்ட ரோடு, ஃபொஸ்ஸொம்ப்ரோனே ஊர தாண்டி, ஃபானோல இருந்து மொத்தமா 40 கிலோமீட்டர் பக்கம் போனா ஆறு மலைய அறுத்துகிட்டு போற எடம் வரும். ரெண்டு பக்கமும் பாறை நேரா நிக்கும், கீழ தண்ணி பச்சையா அசையாம கெடக்கும், பெரிய வண்டியெல்லாம் பக்கத்துல புது டனல்ல போயிடறதால பழைய ரோடு நமக்குதான். அங்க ரோட்டுலயே ஒரு டனல், கிபி 76ல வெஸ்பாசியன் சக்ரவர்த்தி வெட்ட வச்சது, 38 மீட்டர் நீளம், இன்னிக்கும் அதுக்குள்ளதான் ஓட்டிட்டு போறோம். நான் உள்ள நடுவுல எறங்கி சுவத்துல கைய வச்சேன், ஈரமா இருந்துச்சு, உளி எறங்கின கோடு ஒவ்வொண்ணும் விரல்ல தட்டுப்படுது, பக்கத்துல பக்கத்துல, சாய்வா, ஒரே ஆளு ஒரே கை வீச்சுல அடிச்ச மாதிரி. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம். பெரிய மேடே இல்லாத ரோடு, அதனால இ-பைக், தம்பி, தம்பி சம்சாரம் எல்லாரும் ஒண்ணா போற ரைடு இதுதான்.

இன்னொண்ணு, இந்தக் கடலோரம் முழுக்க சைக்கிள்காரங்களுக்கான ஹோட்டல் இருக்கு. பைக்க பூட்டி வைக்க தனி ரூம், பம்ப்பு, ஸ்டாண்டு, ஜெர்சி தொவைச்சுக் குடுப்பாங்க, மதியம் மூணு மணிக்கு வேர்வையோட வந்தாலும் பாஸ்தா எடுத்து வச்சிருப்பாங்க, காலைல கைடு கூட்டிட்டு போவாரு, மெதுவா போற கூட்டம் வேகமா போற கூட்டம்னு தனித்தனியா. ஒரு வருஷ அனுபவத்துல வர்ற தம்பி சம்சாரத்துக்கு இது பெரிய தெம்பு. மே மாசம் நோவே கோல்லி நடக்கற வாரம் மட்டும் பாத்துக்குங்க, 1971ல இருந்து செசெனாத்திகோல நடக்கற ஒம்போது குன்று ரைடு, ஆயிரக்கணக்குல ஆளுங்க வருவாங்க, ரூம் கிடைக்காது. அதுல ஓட்ட ஆசைன்னா டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயம்.

எந்த எடம்னாலும் சில விஷயம் பொது. ஊருக்கு வெளில டனல்ல ஓட்டறப்ப ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போடணும்னு அங்க சட்டமே இருக்கு, பாக்கெட்ல மடிச்சு வைங்க, முன்ன பின்ன லைட்டும். லோக்கல் ரயில்ல சைக்கிளுக்கு பொதுவா 3.50 யூரோ டிக்கெட், அன்னிக்கு முழுக்க செல்லும், கால் ஓஞ்சிட்டா ரயில் ஏறிட வேண்டியதுதான், கடலோர ஊருங்க வழியாவே லைன் போறதால இது பேசாரோ பக்கமும் லிகூரியா பக்கமும் பெரிய உதவி, அமால்ஃபி ரோட்ல ரயிலே கெடையாது. குழாய்ல "நோன் பொத்தாபிலே" னு எழுதியிருந்தா அந்த தண்ணிய குடிக்கக் கூடாது. மதியம் ஒரு மணிக்கு மேல சின்ன ஊர்ல கடை மூடிடுவாங்க, நாலு மணி வரைக்கும் ஒண்ணும் கெடைக்காது, பனீனோங்கற சாண்ட்விச்ச முன்னாடியே வாங்கி முதுகு பாக்கெட்ல போட்டுக்குங்க.

வாடகை பைக் எடுக்கறவங்க பின்னாடி கேசட், அதாவது பின் சக்கரத்து பல்சக்கர அடுக்கு, அதுல பெரிய சக்கரம் எத்தன பல்லுனு எழுத்துல கேட்டு வாங்குங்க, பல்லு கூடினா ஏத்தம் ஏற சுலபம். முன்ன ஒரு தடவ ஒரு கடைல 32 பல்லுனு சொல்லிட்டு கையில குடுத்தது 28, வேற பைக் இல்லனுட்டாங்க, முன் பணமும் திரும்ப வரல, அந்த வாரம் முழுக்க 15 சதவீத சுவத்துல என் முட்டி பட்ட பாடு இன்னிக்கும் நெனவிருக்கு. மார்க்கேக்கு பெடல் பக்கத்து சின்ன பல்சக்கரம் 34 பல்லு, பின்னாடி பெருசு 34 பல்லு, பின்னாடி இதுக்கு கம்மியா எடுக்காதீங்க, டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்கு கொறையாம.

பேசாரோல எட்டு நாளுக்கு ரூம் போட்டாச்சு, ஸ்டேஷன்ல இருந்து பைக்க தள்ளிட்டு போற தூரம். நாங்க முனிச்ல இருந்து பிரென்னர் கணவாய் வழியா பொலோன்யா வரைக்கும் நேரடி ரயில், சைக்கிளுக்கு சீட்டு எடுத்தாச்சு, அங்க மாறி லோக்கல் ரயில்ல கடலோரம். தம்பியும் அவன் சம்சாரமும் பொலோன்யா ஏர்போர்ட்ல எறங்கி அங்கயே எங்களோட சேந்துக்கறாங்க. முதல் நாள் சான் பார்தோலோ, மூணாவது நாள் ஃபுர்லோ, அஞ்சாவது நாள் தம்பிக்கு கார்பேஞ்ஞா, மிச்சம் கால் சொல்றபடி. தம்பி சம்சாரத்தோட பைக்ல மட்டும் இன்னும் 30 பல்லு கேசட்தான் இருக்கு, 34 வாங்கி மாத்தச் சொல்லி தம்பிக்கு நேத்தும் ஃபோன் பண்ணேன், "அண்ணே, சனிக்கிழமை மாத்திடறேன்" னான். சாயங்காலம் திரும்பவும் கேக்கணும்.